காயாத சேறு

முதலில் வந்தது கண்டக்டரின் சட்டை. காக்கி என்று சொன்னால்தான் தெரியும். முன்பக்கம் முழுக்கச் சேறு. ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கொண்டுவந்து சலவைக்கடை மேஜையில் வைத்தார்.

"தண்ணியில போட்டீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்லக்கா. அப்படியே கொண்டாந்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. சேறு காயணும். காஞ்சப்புறம் பிரஷ் போட்டு உதிர்க்கணும். ஈரத்துல கசக்கினா நூலுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும்."

"இந்த மழையில எப்பக்கா காயறது?"

அக்கா பையைப் பிரித்தாள். கண்டக்டர் உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அவங்க இருக்காங்களா?"

"இருக்கா. இஸ்திரி போடுறா."

"நான் புகார் கொடுக்கலைன்னு சொல்லுங்க. பயணிங்க எழுதிக் கொடுத்தாங்க. வாங்கி மேல கொடுத்தேன். அவ்வளவுதான்."

"நீங்களும் படுத்தீங்களா?"

கண்டக்டர் சட்டையைப் பார்த்தார். சட்டையே சொல்லிக்கொண்டிருந்தது.

"படுத்தேன்க்கா. அவங்க போட்ட சத்தத்தைக் கேட்டிருந்தா நீங்களும் படுத்திருப்பீங்க."

இருட்டுவதற்குள் மேஜை நிறைந்துவிட்டது. பேன்ட், பாவாடை, சால்வை, ஒரு குழந்தையின் மழைக்கோட்டு. அந்த வட்டாரத்தில் சலவைக்கடை அது ஒன்றுதான். தங்கை ஓட்டிய பஸ்ஸிலிருந்து இறங்கிச் சேற்றில் படுத்தவர்கள் எல்லோரும் அக்காவிடம்தான் வந்தாக வேண்டும்.

தங்கை பட்டாளத்தில் தண்ணீர் டேங்கர் ஓட்டியவள். முகாமிலிருந்து எல்லைக் காவல் சாவடிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோவது அவள் வேலை. திரும்பி வந்து ஒரு வருஷம் அக்கா வீட்டில் சும்மா இருந்தாள். பிறகு பஸ் டிப்போவில் வேலை கிடைத்தது. காலை முதல் டிரிப், மில் ஷிப்டுக்குப் போகிறவர்களின் பஸ்.

முந்தின நாள் காலையும் மழைதான். குழாய் பதிக்கத் தோண்டிய பாதை, தார் இல்லை, வெறும் மண். குளத்தைத் தாண்டிய வளைவில் பாதை நடுவே ஒரு சாக்கு மூட்டை கிடந்தது. அவள் தூரத்திலேயே நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள். எல்லோரையும் பின்வாசல் வழியாக இறங்கச் சொன்னாள். ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போகிறவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து, பஸ் வந்த தடத்தில் பின்னோக்கிப் பாலம் வரை நடக்கச் சொன்னாள். நடந்தார்கள். மில் மேஸ்திரி நடந்தார். பள்ளிக்கூடத்து டீச்சர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாலத்துப் பக்கம் மழையில் நின்றார்கள். ஷிப்டு சங்கு ஊதி ஓய்ந்தது. மோட்டார் சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்தார். மூட்டையைச் சுற்றி வந்தார். காலால் உதைத்தார்.

அவர் கால் தூக்கியபோது அவள் 'படுங்க' என்று கத்திவிட்டுப் படுத்தாள். எல்லோரும் படுத்தார்கள்.

மூட்டையிலிருந்து அழுகின உருளைக்கிழங்கு உருண்டது. போலீஸ்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். யாரோ ஒருவரின் போன் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தது.

சேறு ஒன்றும் பெரிதில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்காமல் கீழ்ப்படிந்துவிட்டோமே என்பதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

"உருளைக்கிழங்கு வெடிச்சா வறுவலாத்தான் வரும்னு உன் தங்கச்சிகிட்ட சொல்லு" என்றார் மேஸ்திரி, பேன்ட்டைப் போட்டுவிட்டு.

"நீங்க எதுக்குப் படுத்தீங்க? நின்னு பார்த்திருக்கலாமே."

"கால் வழுக்கிருச்சு."

"எல்லாருக்கும் ஒரே நேரத்துலயா?"

மேஸ்திரி போய்விட்டார்.

கடைசியாகத் தையல்காரி வந்தாள். ஏழு மாத வயிறு. சால்வையை மேஜையில் விரித்துக் காட்டினாள். முதுகுப் பக்கம் கையகலத்துக்கு மட்டும் சேறு.

"இவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

"நான் படுக்கலை. எப்படிப் படுக்க? வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டேன். உங்க தங்கச்சி எந்திரிச்சு ஓடி வந்து என் மேல கவிஞ்சுக்கிட்டாங்க. சேறு எல்லாம் அவங்க மேலதான்."

அக்கா துண்டுச்சீட்டில் அடையாள எண் எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அதுக்கு நன்றி சொல்லணுமா திட்டணுமான்னு தெரியலைக்கா. எங்க வீட்டுக்காரர் புகார்ல கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டுட்டேன்."

"சரிம்மா."

"போட்டுட்டு வந்து அழுதேன்."

"சரி, சரி. சால்வை காய நாளாகும்."

வெளியே காயப்போட வழியில்லை. அக்காவின் புருஷன், தங்கை மாமா என்று கூப்பிடுகிறவர், வீட்டுக்குள் கயிறு கட்டினார். கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, தங்கை படுக்கும் அறையில் இரண்டு. எல்லாக் கயிற்றிலும் சேற்றுத்துணி. சாப்பிட உட்கார்ந்தால் மேஸ்திரியின் பேன்ட் தலையைத் தட்டியது. வீடு முழுக்கக் குளத்து வாடை.

மறுநாள் காலை கண்டக்டர் மறுபடி வந்தார். இந்த முறை டிப்போ மேனேஜர் சொல்லி அனுப்பியது. திங்கட்கிழமை முதல் டிரிப்பை அவள் ஓட்ட வேண்டும். அதே பாதை. மேனேஜர் கூடவே வருவார். ஒழுங்காக ஓட்டினால் வேலை இருக்கும். வராவிட்டால் யூனிஃபார்மைத் துவைத்து ஒப்படைத்துவிட வேண்டும்.

"துவைச்சா?" என்றாள் அக்கா.

"அப்படித்தான் சொன்னார்."

மாமா பாய்லர் பார்க்கிறவர். துணி கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான். பெரிய உடம்பு, சின்னக் குரல். அன்று சாயங்காலம் சாப்பிடும்போது அவரே பேச்சை எடுத்தார். ரொட்டியும் பருப்பு சூப்பும் அவித்த முட்டையும் இருந்தன.

"இங்கேயே இஸ்திரி போடட்டும். அவ போடுற மடிப்பு மாதிரி யாருக்கு வரும்? அந்த பஸ்ஸுல ஏறித்தான் ஆகணும்னு என்ன?"

"அவளுக்கு வண்டின்னா உசுரு" என்றாள் அக்கா.

"உசுரு போறதுக்கு முன்னாடி விட்டுட்டா நல்லது."

"நீங்க ஏன் அபசகுனமாப் பேசுறீங்க?"

"அப்ப போகட்டும்ங்கிறியா?"

"போகட்டும்."

"காலையில வேணாம்னே."

"காலையில வேணாம்னுதான் இருந்துச்சு."

"அவ யூனிஃபார்ம் இன்னும் சேத்தோட தொங்குதே. போகணும்னா அதை முதல்ல எடுத்திருப்பே."

"காயலைங்க. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

தங்கை முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னை வச்சுக்கிட்டே பேசுறீங்களே. நான் என்ன நாற்காலியா?"

"சரி, நீ சொல்லு" என்றார் மாமா.

தங்கை முட்டையை மாமாவின் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். மாமா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாதவர் போல இருந்தார். பிறகு சாப்பிட்டார்.

அந்த வாரம் அக்கா கடையில் நிறையத் தப்புச் செய்தாள். டீச்சரின் உடுப்பை முடிவெட்டுகிறவருக்குக் கொடுத்தாள். கஞ்சி போடக் கூடாத துணிக்குக் கஞ்சி போட்டாள். தங்கையைப் பார்த்தால் போ என்று சொல்லத் தோன்றியது. உள்ளறையில் இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றால் உடனே போய்ப் பார்க்கத் தோன்றியது. பார்த்தால், தங்கை ஒரு பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

"இது வலது பக்கம் மூணாவது சீட்டு" என்பாள். "ஜன்னலோரம். தினமும் தூங்கிக்கிட்டே வருவாங்க."

அக்கா பாவாடையை வாங்கி மடித்து வைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டாளத்துச் சிநேகிதிகள் இரண்டு பேர் வந்தார்கள். ஆளுக்கொரு துணி பிரஷோடு. யார் சொல்லி அனுப்பினார்கள் என்று அக்கா கேட்கவில்லை.

ஒருத்திக்கு அண்டா என்று பெயர். முகாம் சமையல்கட்டில் அண்டா அண்டாவாகச் சமைத்தவள். இப்போது ஒரு விடுதியில் சமைக்கிறாள். கதவு நிறைய வந்தாள். இன்னொருத்தி வயர்லெஸ், முகாமில் வயர்லெஸ் கருவி பார்த்தவள். ஒல்லி. மின்சார ஆபீசில் போனில் புகார் கேட்கிற வேலை. மாதம் ஒருமுறை மூன்று பேரும் அண்டாவின் அறையில் கூடுவார்கள். ஒருமுறை முன்னாள் வீரர்கள் சங்கத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். வாசலில் இருந்தவர், உங்க வீட்டுக்காரர் எந்தப் பிரிவு என்று கேட்டார். நாங்கதான் வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டு அண்டா திரும்பி வந்துவிட்டாள்.

மழை கொஞ்சம் விட்டிருந்தது. பாய்லர் அறைச் சூட்டில் சில துணிகள் காய்ந்திருந்தன. மூன்று பேரும் பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்து சேற்றை உதிர்த்தார்கள். அக்கா அடுத்த அறையில் கஞ்சி காய்ச்சினாள். நடுவில் கதவு கிடையாது.

"டேங்கர், இது யாரு பேன்ட்டு?" என்றாள் அண்டா. தங்கையை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"மில் மேஸ்திரி."

"இடுப்பைப் பாரு. என்னையே தோற்கடிச்சிருவான் போல. இவனையும் சேத்துல படுக்க வச்சியா? உனக்கு ஒரு மெடல் கொடுக்கணும்."

வயர்லெஸ் சிரித்தாள். தங்கை சிரிக்கவில்லை.

"நாளைக்குப் போறியா?" என்றாள் அண்டா.

"தெரியலை."

"தெரியலைன்னா என்ன பதில்? போ. பயமா இருக்கா? இருக்கட்டும். அதுக்கும் ஒரு டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுத்துப் பின்னாடி உட்கார வை. ஸ்டியரிங்கை மட்டும் அது கையில கொடுக்காத."

"போகாத" என்றாள் வயர்லெஸ்.

அண்டாவின் பிரஷ் நின்றது. "இதென்னடி?"

"என்னால லிஃப்டுல ஏற முடியாது. ஆபீஸ் அஞ்சாவது மாடி. படியேறிப் போறேன். யாரு செத்தா? எல்லாத்தையும் ஜெயிச்சுத்தான் ஆகணுமா? அவ இஸ்திரி போட்டு நல்லாத்தான் இருக்கா."

"நல்லா இருக்காளா? மூஞ்சியைப் பாரு."

"உன் மூஞ்சியை நீ பார்த்திருக்கியா? நேத்து விடுதியில யாரோ தட்டைக் கீழ போட்டதுக்கு மேஜைக்கு அடியில போனவ யாரு?"

"போனேன். வெளிய வந்து சோறு போட்டேனா இல்லையா?"

"நீ போட்ட. எல்லாரும் அண்டாவா?"

"சண்டை போடாதீங்க" என்றாள் தங்கை.

 காய்ந்த மண் பழைய விரிப்பின் மேல் பொடியாக விழுந்தது. பிறகு தங்கை பேசினாள். மெதுவாகப் பேசினாள். அக்கா அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"நீங்க ரெண்டு பேரும் பயம் பயம்னு பேசுறீங்க. எனக்குப் பயமே இல்லையே. அதைப் பார்த்ததும் கை தானா வேலை செஞ்சுது. தூரத்துல நிறுத்து, இறக்கு, வந்த தடத்துல திருப்பி அனுப்பு. அங்க எத்தனை தடவை செஞ்சிருக்கேன். முக்காவாசி ஒண்ணும் இருக்காது. யாரும் சிரிச்சதில்லை."

"அதான் சொல்றேன், நீ செஞ்சது சரிதான்" என்றாள் அண்டா.

"சரின்னா இங்க எப்படிச் சரி? இங்கதான் ஒண்ணுமே இல்லையே. ஒண்ணுமில்லாத ஊர்ல அதைச் செஞ்சா பைத்தியம்தானே? ஆனா செய்யும்போது என் மனசு அவ்வளவு தெளிவா இருந்துச்சு. இங்க வந்ததுலேர்ந்து அந்த ஒரு மணி நேரம்தான் நான் என்ன பண்றேன்னு எனக்குத் தெரிஞ்சுது. பயந்து நிறுத்தினேனா, வேலை தெரிஞ்சு நிறுத்தினேனா? அது தெரியாம எப்படி மறுபடி ஏறி உட்காருறது? நாளைக்கு இன்னொண்ணு கிடந்தா என்ன பண்ணுவேன்?"

வயர்லெஸ் பிரஷைக் கீழே வைத்தாள்.

"ரொட்டி வண்டி நிக்கலை" என்றாள் அண்டா. குரல் மாறியிருந்தது. "உனக்கு முன்னாடி போச்சு. என் சமையல்கட்டு ரொட்டி. நீ ஹாரன் அடிச்ச. அவன் நிக்கலை, கண்ணிவெடியில போயிட்டான். நீ நின்ன. நின்னதாலதான் இங்க உட்கார்ந்து மேஸ்திரி பேன்ட்டைத் தேய்க்குற. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

அக்கா கஞ்சிக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். ரொட்டி வண்டி பற்றி அவளுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. கேட்டதும் இல்லை. உள்ளே போய்த் தங்கையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கஞ்சி அடிபிடிக்கும் வாசனை வந்தது. அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் தேய்க்க ஆரம்பித்தாள்.

போகும்போது அண்டா வாசலில் நின்று, "அக்கா, அவளைப் போகச் சொல்லுங்க" என்றாள். அவள் பின்னால் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த வயர்லெஸ், "சொல்லாதீங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் அக்கா யூனிஃபார்மை எடுத்தாள். மேலே காய்ந்திருந்தது. கைமடிப்பிலும் காலரிலும் இன்னும் ஈரம். காய்ந்த இடத்தைப் பிரஷ் போட்டாள், துவைத்தாள், பாய்லர் மேல் விரித்து உலர்த்தினாள். காலரில் பழுப்பாக ஒரு கோடு நின்றுவிட்டது. தங்கை வந்து பார்த்தாள்.

"ஒப்படைக்கவா, போட்டுக்கவா?" என்றாள்.

"எதுக்கானாலும் துவைக்கத்தானே வேணும்" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை காலை மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தங்கை யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு பாலில்லாத கட்டன் டீ குடித்தாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் செருப்பை மாட்டினாள். அக்கா கடைக் கதவைப் பூட்டிவிட்டுக் கூடவே நடந்தாள். தங்கை பஸ் ஓட்டத் தொடங்கிய பிறகு அக்கா ஒருநாளும் அதில் ஏறியதில்லை. கடையை விட்டு எங்கே போக என்று சொல்லிக்கொள்வாள். அது மட்டும்தான் காரணமா என்று இப்போது நடக்கும்போது நினைத்தாள்.

டிப்போவில் மேனேஜர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். வயசான மனுஷர், சளி பிடித்திருந்தது.

"ஸ்டாப்புல நிறுத்தணும். ஸ்டாப் இல்லாத இடத்துல நிறுத்தக் கூடாது, ஏத்தவும் கூடாது. வேற ஒண்ணும் நான் கேட்கலைம்மா."

"சரி சார்."

அண்டா ஏற்கெனவே ஏறி இரண்டு பேர் சீட்டை அடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயர்லெஸ் நின்றாள்.

"நீ போகாதன்னு சொன்னவளாச்சே" என்றாள் அக்கா.

"சொன்னேன். அதுக்காக? போறவளைத் தனியா விடச் சொன்னேனா?"

பஸ் கிளம்பும்போது மாமா ஓடிவந்தார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் துணி மூட்டை.

"அந்தப் பக்கம் டெலிவரி இருக்கு" என்றார், யாரும் கேட்காமலே.

மில் ஆட்கள் ஏறும் ஸ்டாப்பில் வழக்கமான கூட்டம் நின்றது. கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை. ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். கண்டக்டர், "ஏறுங்க, ஏறுங்க" என்றார், தனக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி. தையல்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வயிற்றைத் தாங்கியபடி ஏறி டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் கையெழுத்துப் போட்டவ நான்" என்றாள் தங்கையின் முதுகைப் பார்த்து.

"பார்த்தேன்" என்றாள் தங்கை, திரும்பாமல்.

"வேற பஸ்ஸும் இல்லையே" என்று சொல்லிக்கொண்டு மேஸ்திரி ஏறினார். அவர் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள்.

நன்றாகத்தான் ஓட்டினாள். ஸ்டாப்பில் நின்றாள், கண்ணாடி பார்த்தாள், கிளம்பினாள். மேனேஜர் கைக்குட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். குளம் வந்தது. பாலம் வந்தது. பேச்சு ஒவ்வொன்றாக நின்றது.

வளைவுக்கு முன்னால் பஸ் மெதுவானது. பிறகு நின்றது.

பாதையில் ஒன்றும் கிடக்கவில்லை. மண், தண்ணீர் தேங்கிய குழிகள், அவ்வளவுதான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வைப்பர் போய்ப் போய் வந்தது. தங்கையின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. காலருக்கு மேலே கழுத்து வேர்த்திருந்தது.

"என்னம்மா?" என்றார் மேனேஜர்.



அக்கா பாதி எழுந்தாள். அண்டா அவள் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். போ என்று சொன்னது தப்போ என்று அக்காவுக்குத் தோன்றியது. அப்படிச் சொன்னோமா என்பதே அவளுக்கு நினைவில்லை.

"வளைவுக்கு அந்தப் பக்கம் தெரியலை" என்றாள் தங்கை. யாருக்கும் சொல்கிற மாதிரி இல்லை.

பின்வாசலில் சத்தம் கேட்டது. மாமா இறங்கிக்கொண்டிருந்தார். துணி மூட்டையைச் சீட்டிலேயே வைத்துவிட்டிருந்தார்.

"எங்க போறீங்க?" என்றாள் அக்கா.

"நான் பார்த்துட்டு வரேன்."

"என்னத்தைப் பார்க்கப் போறீங்க?"

மாமா படியை விட்டு இறங்கினார். குடையை விரித்தார். பஸ்ஸைச் சுற்றி முன்னால் போனார். வைப்பருக்கு நடுவில் அவர் முதுகு தெரிந்தது. ஒவ்வொரு காலாகப் பார்த்துப் பார்த்து வைத்தார். யாரோ சிரித்தார்கள். வயர்லெஸ் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மாமா வளைவில் போய் நின்றார். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். பாதை நடுவே வந்து காலால் மண்ணை மிதித்தார். இன்னொருமுறை மிதித்தார். பிறகு, அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, ஒருமுறை குதித்தார். சேறு அவர் முழங்கால் வரை தெறித்தது. ஓரமாக ஒதுங்கி நின்று பஸ்ஸைப் பார்த்தார்.

தங்கை கதவை மூடினாள். கியர் விழுந்தது. பஸ் நகர்ந்தது.

மாமா கையைக் காட்டியபடி கதவுப் பக்கம் வந்தார். பஸ் அவரைத் தாண்டியது. கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தார். பஸ் நிற்கவில்லை.

"ஏம்மா, ஏம்மா, ஒரு ஆளை விட்டுட்டுப் போறியே" என்றார் மேனேஜர்.

"ஸ்டாப் இல்லாத இடத்துல ஏத்தக் கூடாதுன்னீங்களே சார்."

மேனேஜர் வாயைத் திறந்தார். தும்மல் வந்தது. அண்டா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்ததில் சீட்டு ஆடியது. மேஸ்திரியும் சிரித்தார். தையல்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தங்கை சிரிக்கிறாளா என்று அக்கா எட்டிப் பார்த்தாள். அவள் இருந்த இடத்திலிருந்து கழுத்து மட்டும்தான் தெரிந்தது. அது வேர்த்தபடியே இருந்தது.

அக்கா பின்கண்ணாடிக்குப் போனாள். உள்ளங்கையால் ஆவியைத் துடைத்தாள். மாமா பாதை நடுவில் நின்றுகொண்டிருந்தார். சிறியதாகிக்கொண்டே போனார். குடையைத் தலைக்கு மேலே தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினார். நிறுத்தச் சொல்கிறாரா, போகச் சொல்கிறாரா, தெரியவில்லை. பஸ் அடுத்த கியருக்கு மாறியது.